இரண்டு மொழியில் ஒரு பிரிவு: பராகுவேயின் காதல் பாட்டுகளை எப்படிக் கேட்பது?

2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 'குவாரானியா' என்ற பராகுவே இசைவகை சேர்ந்தது. அந்த முடிவை எடுத்த கூட்டம் நடந்ததும் பராகுவேயின் தலைநகரான அசுன்சியோனில்தான். மறு வருடமே அந்த இசைக்கு நூறு வயது நிறைந்தது. செய்தியைப் படித்துவிட்டுப் பாட்டுகளைத் தேடிக் கேட்டவர்களுக்கு ஒரு குழப்பம் வந்திருக்கும். சில பாட்டுகள் முழுக்க ஸ்பானிஷில் இருக்கின்றன. சில முழுக்கக் குவாரானி என்ற பூர்வகுடி மொழியில். இன்னும் சிலவற்றில் ஒரே வரிக்குள் இரண்டும். பெரும்பாலானவற்றில் யாரோ யாரையோ இழந்துவிட்டு நிற்கிறார்கள்.

இதை வெறும் சோகப்பாட்டு மரபு என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் பிடிபடும். எந்த உணர்ச்சியை எந்த மொழியில் சொல்வது என்பதில் இந்தப் பாட்டுகளுக்குள் ஒரு வேலைப் பிரிவினை இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், காதல் தோல்வியைப் பாடுகிறவர் தான் யார் என்பதையும் சேர்த்தே பாடுவது கேட்கும்.

முதலில், எந்த நாடு, எந்த மொழி

பராகுவே தென் அமெரிக்காவில் உள்ள, கடல் தொடாத நாடு. 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 61 லட்சம். அங்கே பெரும்பான்மை மக்கள் குவாரானி பேசுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் பழங்குடிகள் அல்ல என்பதுதான் வியப்பு. அமெரிக்கக் கண்டங்களில் ஒரு பூர்வகுடி மொழி, பூர்வகுடி அல்லாத பெரும்பான்மையின் வீட்டு மொழியாக நின்றுபோனது வேறெங்கும் இந்த அளவுக்கு நடக்கவில்லை. 1537இல் அசுன்சியோன் உருவான காலத்திலிருந்தே ஸ்பானிய ஆண்களும் குவாரானிப் பெண்களும் சேர்ந்த குடும்பங்களில் பிள்ளைகள் தாயின் மொழியில் வளர்ந்தார்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் வீட்டு மொழிக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை. பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே மூன்றும் பராகுவேக்கு எதிராகச் சேர்ந்து நிற்க, 1864 முதல் 1870 வரை நடந்த முக்கூட்டணிப் போரில் நாடே சிதைந்தது. அதற்குப் பிந்தைய தலைமுறைகளில் வகுப்பில் குவாரானி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். பொலிவியாவுடன் 1932 முதல் 1935 வரை நடந்த சாக்கோ போரில் நிலைமை தலைகீழானது. எதிரிக்குப் புரியாத மொழி என்பதால் ராணுவத் தகவல் பரிமாற்றத்துக்கே குவாரானி பயன்பட்டது. ஸ்பானிஷுக்குச் சமமான ஆட்சிமொழித் தகுதி 1992 அரசியலமைப்பில்தான் கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை. ம்பியா, கையோவா போன்ற குவாரானிப் பழங்குடி மக்களின் பேச்சும் சடங்குப் பாடல்களும் தனி உலகம். இங்கே பேசப்படுவது பராகுவே நாட்டுப் பொதுமக்களின் குவாரானி.

குவாரானியா: வேகத்தைக் குறைத்ததால் பிறந்த இசை

பராகுவேயின் பழைய பாட்டுவகைக்குப் 'போல்கா' என்று பெயர். ஐரோப்பியப் போல்காவுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு. பராகுவே போல்காவில் அடித்தளம் மூன்று தட்டில் நகரும்போது மேலே மெட்டு ஆறு அசையில் ஓடும். இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே போகும். ஆட்டத்துக்கு ஏற்ற துள்ளல்.

ஹோஸே அசுன்சியோன் ஃப்ளோரெஸ் 1904இல் அசுன்சியோனின் ஆற்றங்கரைக் குடிசைப் பகுதியான சகாரிதாவில் பிறந்தவர். தாய் துணி வெளுப்பவர். சிறுவனாக இருக்கும்போது போலீஸ் பேண்டில் சேர்ந்துதான் இசை படித்தார். 1925இல் போல்காவின் வேகத்தை நன்றாகக் குறைத்து, பெரும்பாலும் சோகமாக ஒலிக்கும் மைனர் ஸ்வர வரிசையில் ஒரு வடிவத்தை உருவாக்கினார். அதுவே குவாரானியா.

வேகம் குறைந்ததில் ஒரு தொழில்நுட்ப லாபமும் உண்டு. குவாரானிச் சொற்கள் நீளமானவை. முன்னும் பின்னும் ஒட்டுகள் சேர்ந்து ஒரு சொல்லே ஒரு வாக்கியமாகிவிடும். மூக்கொலி உயிர்களும் ஏராளம். துள்ளும் தாளத்தில் இதெல்லாம் நசுங்கிப்போகும். மெதுவான தாளத்தில் பாடகர் ஒரே சொல்லின் மீது நின்று நிதானமாக வருத்தப்பட முடிகிறது.

காதலித்தால் எந்த மொழி?

ஜோன் ரூபின் என்ற மொழியியலாளர் அசுன்சியோனுக்கு அருகிலுள்ள லுகே ஊரிலும் ஒரு கிராமத்திலும், மக்கள் எப்போது எந்த மொழிக்கு மாறுகிறார்கள் என்று ஆராய்ந்து 1968இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டது சுருக்கமாக இது:

1. கிராமப்புறத்தில் பேச்சு பொதுவாகக் குவாரானிதான்.
2. நகரத்தில் சூழல் சம்பிரதாயமானது என்றால் ஸ்பானிஷ்.
3. சம்பிரதாயம் இல்லாமல் நெருக்கம் இருந்தால் குவாரானி. கிண்டல், வசவு, ரகசியம் எல்லாம் அதில்தான்.
4. காதலில் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும். பழக்கம் ஸ்பானிஷில் தொடங்கும், நெருக்கம் கூடக் கூடக் குவாரானிக்கு நகரும்.

நான்காவது புள்ளிதான் நமக்கு வேண்டியது. காதல் வளரும்போது மொழி மாறுகிறது என்றால், காதல் முறியும்போது போவது ஒரு ஆள் மட்டுமல்ல, அந்த ஆளோடு பேசிய மொழியும்தான். எதிரில் இல்லாத ஒருவரிடம் பாடும் பாட்டு ஸ்பானிஷில் இருக்கிறதா குவாரானியில் இருக்கிறதா என்பதே, பாடுகிறவர் இன்னும் உள்ளே நிற்கிறாரா வெளியே வந்துவிட்டாரா என்பதற்கு ஒரு தடயம்.

ஸ்பானிஷ் பக்கமும் ஒரு நுட்பம் இருக்கிறது. பராகுவேயர்கள் அன்றாட ஸ்பானிஷில் 'நீ' என்பதற்கு 'வோஸ்' என்பார்கள். பாட்டிலோ பெரும்பாலும் ஏட்டு வழக்கான 'து' வருகிறது. அதாவது பாட்டின் ஸ்பானிஷ், வீதியில் பேசும் ஸ்பானிஷ்கூட இல்லை; விசேஷத்துக்கு உடுத்திக்கொண்ட ஸ்பானிஷ். நிலவு, நீல ஏரி, தந்தம், ரோஜா என்று அந்தக் காலத்து லத்தீன் அமெரிக்கக் கவிதையின் நகைப்பெட்டி முழுவதும் அதில் இருக்கும்.

பிரிவின் இலக்கணம்

குவாரானி உணர்ச்சிமயமான மொழி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. எந்த மொழியிலும் அழலாம். ஆனால் பிரிவைப் பாடுகிறவருக்கு இந்த மொழியின் இலக்கணம் ஸ்பானிஷில் கிடைக்காத சில கருவிகளைத் தருகிறது.

1. நாம், நாங்கள். தமிழில் இருப்பது போலவே குவாரானியிலும் கேட்பவரைச் சேர்த்த 'நாம்' வேறு, சேர்க்காத 'நாங்கள்' வேறு. முதலாவது 'ஞாண்டே', இரண்டாவது 'ஓரே'. ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், அங்கே மழுப்பிவிடலாம். குவாரானியில் காதலியைப் பார்த்து 'நம் வீடு' என்றால் அவள் உள்ளே, 'எங்கள் வீடு' என்றால் வெளியே. இந்த வித்தியாசம் தமிழருக்கு விளக்காமலே புரியும். ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த ஒருவருக்கு எத்தனை விளக்கினாலும் அதன் சுருக்கென்ற வலி போய்ச் சேருவது கடினம்.

2. பெயர்ச்சொல்லுக்குக் காலம். நம்மிடம் இல்லாத வசதி இது. வினைக்கு மட்டுமல்லாமல் பெயர்ச்சொல்லுக்கும் இறந்தகாலம், எதிர்காலம் உண்டு. 'ஷே ரெம்பிரேகோ' என்றால் என் மனைவி. 'குவே' என்ற ஒட்டைச் சேர்த்து 'ரெம்பிரேகோகுவே' என்றால் முன்னாள் மனைவி. 'ரா' சேர்த்து 'ரெம்பிரேகோரா' என்றால் மனைவியாகப் போகிறவள். இரண்டையும் சேர்த்தால் 'ராங்குவே'. மனைவியாகப் போகிறவளாக இருந்து, அப்படி ஆகாமலே போனவள். வீட்டுக்கும் இதே ஒட்டுகள் வரும்: இடிந்துபோன பழைய வீடு, கட்டப்போகும் வீடு, கட்டத் திட்டமிட்டுக் கட்டாமல் விட்ட வீடு. காதல் தோல்விப் பாட்டு எழுதுகிறவருக்கு இந்தக் கடைசி ஒட்டு எவ்வளவு பெரிய சொத்து என்று நினைத்துப் பாருங்கள். நடக்காத ஒன்றின் இறந்தகாலத்தை அது ஒரே அசைவில் சொல்லிவிடுகிறது.

3. யார் நேசிக்கவில்லை? 'ரோஹைஹு' என்றால் 'உன்னை நேசிக்கிறேன்'. முன்னால் உள்ள 'ரோ' ஒன்றே 'நான்', 'உன்னை' இரண்டையும் சொல்லிவிடும். திருப்பிப் போட்டால் கதை மாறுகிறது. 'ஷேரைஹு' என்பதில் 'என்னை' மட்டும்தான் தெரியும். நேசிப்பது நீயா, அவளா என்று வினை சொல்லாது, வேண்டுமென்றால் தனிச் சொல்லாகச் சேர்க்கவேண்டும். தமிழில் 'என்னை நேசிக்கவில்லை' என்றால் யார் என்று தெரியாமல் நிற்கும், ஆனால் 'நேசிக்கிறாள்' என்றதும் ஆள் அகப்பட்டுவிடுவார். குவாரானியில் இரண்டிலும் அகப்படமாட்டார்.

மூன்றாவதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 'ந்டாஷேரைஹுவேய்மா' என்பது ஒரே சொல். முதலில் வரும் 'ந்டா'வும் பின்னால் வரும் 'இ'யும் இருபுறமும் நின்று எதிர்மறை ஆக்குகின்றன. நடுவில் 'ஷே', அதாவது என்னை. 'ரைஹு' நேசிப்பது. 'வே' இனிமேல். 'மா' ஆகியே விட்டது. சேர்த்தால், 'இனி என்னை நேசிப்பதில்லை, அது முடிந்தாயிற்று'. யார் என்ற கேள்விக்கு அந்தச் சொல்லில் பதிலே கிடையாது. ஸ்பானிஷில் இதே செய்தியைச் சொல்ல வந்தால் வினையின் விகுதி 'நீ' என்றோ 'அவள்' என்றோ காட்டிக்கொடுத்துவிடும். குவாரானிப் பாடகர் விரும்பினால் குற்றவாளியின் பெயரைச் சொல்லாமல் தன் காயத்தை மட்டும் பாடலாம். இலக்கணம் யாரையும் அப்படிப் பாடவைப்பதில்லை, கதவைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான்.

ஒரே இரட்டையர், இரண்டு முகம்

மொழி மாறினால் பாடுகிறவரே மாறுகிறார் என்பதற்கு ஃப்ளோரெஸ் இசையமைத்த இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்துக் கேட்கலாம். இரண்டுக்கும் வரிகள் மானுவேல் ஓர்திஸ் குவெர்ரெரோ.

'இந்தியா' என்ற பாட்டு ஸ்பானிஷில் உள்ளது. நாட்டின் பெயரல்ல, அந்தச் சொல்லுக்கு இங்கே 'பூர்வகுடிப் பெண்' என்று பொருள். 1944இல் அரசே தேசியப் பாடலாக அறிவித்த அளவுக்குப் புகழ். அதில் ஒரு பூர்வகுடிப் பெண் வருணிக்கப்படுகிறாள்: தெய்வமும் சிறுத்தையும் கலந்தவள், காட்டையே வீடாகக் கொண்டவள். அழகான பாட்டு, மறுக்கமுடியாது. ஆனால் அவள் பாட்டில் வாய் திறப்பதில்லை. பாடுகிறவரும் தன்னைப் பற்றி ஒன்றும் வெளியிடுவதில்லை. ஓவியத்தின் முன் நின்று பேசுவது போல இருக்கிறது. தேசம் தன் வேரைக் கண்டுபிடித்த பாட்டு என்று இதைக் கொண்டாடுகிறார்கள். கண்டுபிடித்தது வேரையா, வேரின் படத்தையா என்ற சந்தேகம் நியாயமானதே.

'நே ரெந்தாபே ஆஜு' குவாரானியில் உள்ளது. 'உன்னிடம் வருகிறேன்' என்பது தலைப்பு. வெகுதொலைவிலிருந்து வருகிறேன், உன்னை வியந்து பார்க்க ஆசைப்பட்டு வருகிறேன் என்றுதான் பாட்டே தொடங்குகிறது. முன்னே பார்த்த 'ரோ' என்ற ஒட்டு முதல் வரியிலேயே வந்துவிடுகிறது: நான், உன்னை. வருணனை பிறகுதான் வருகிறது. இங்கே பாடுகிறவர் பணிந்து நிற்கும் ஒரு மனிதர்.

ஓர்திஸ் குவெர்ரெரோவுக்குத் தொழுநோய். ஆட்களிடமிருந்து விலகியே வாழ்ந்து 1933இல் இறந்தார். அது தெரிந்த பிறகு அந்த 'வெகுதொலைவு' ஊர்த் தொலைவாக மட்டும் கேட்காது. கவிஞரின் வாழ்க்கையைக் கவிதையில் திணிப்பது நல்ல பழக்கமல்ல என்றாலும், இந்த இடத்தில் அதைத் தவிர்ப்பது சிரமம்.

நீல ஏரியும் அவள் பாடிய பாட்டும்

உலகம் அறிந்த பராகுவே பாட்டு 'இபகராயி நினைவுகள்'. இசை தெமெத்ரியோ ஓர்திஸ், வரிகள் சுலேமா தெ மிர்கின் என்ற அர்ஜென்டினப் பெண். ஸ்பானியப் பாடகர் ஹூலியோ இக்லேசியாஸ் உட்படப் பலர் பாடியிருக்கிறார்கள். கதை எளியது. வெதுவெதுப்பான ஓர் இரவில் ஏரிக்கரையில் இருவர் சந்திக்கிறார்கள். வழியில் அவள் குவாரானியில் பழைய மெட்டுகளைச் சோகமாகப் பாடிக்கொண்டு வருகிறாள். இப்போது அவள் எங்கே என்று தெரியவில்லை.

பாட்டு முழுக்க ஸ்பானிஷ். ஏரியின் பெயரை விட்டால் குவாரானிச் சொல் ஒன்றே ஒன்று: இளம்பெண்ணைக் குறிக்கும் 'குஞாதாயி'. அதுவும் அவளை விளிக்கும் இடத்தில் வருகிறது. அவள் பாடிய அந்தக் குவாரானி மெட்டுகளில் ஒரு வரிகூட நமக்குக் கேட்பதில்லை. தொலைந்தது அவள் மட்டுமல்ல, அவள் பாடிய மொழியும் என்று இதை வாசிக்கலாம். எழுதியவர் வெளியூர்க்காரர், அவருக்குக் குவாரானி வரிகள் கைவசம் இருந்திருக்காது என்று சாதாரணமாகவும் விளக்கலாம். எப்படியானாலும் பாட்டின் நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கிறது, அந்த வெற்றிடத்தின் பெயர் குவாரானி. (அந்த நீல ஏரியில் 2012இல் நீலப்பச்சைப் பாசி பெருகித் தண்ணீரே பச்சையாகி, குளிக்கத் தடை போடும் நிலை வந்தது. பாட்டு தொடர்ந்து நீலமென்றே பாடப்படுகிறது.)

இந்தப் பாட்டுகளில் காதலியும் ஊரும் அடிக்கடி ஒன்றாகிவிடுவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1947 உள்நாட்டுப் போருக்குப் பின்னும், 1954 முதல் 1989 வரை நீடித்த ஸ்ட்ரோஸ்னர் சர்வாதிகாரத்திலும் பெருந்திரளானவர்கள் அர்ஜென்டினாவுக்குப் போனார்கள். ஃப்ளோரெஸ் நாடு திரும்ப முடியாமல் 1972இல் புவெனோஸ் ஐரெஸில் இறந்தார். சர்வாதிகாரம் விழுந்த பிறகே அவரது உடலின் எச்சங்கள் ஊர் வந்து சேர்ந்தன. ஊரில் இருந்தவரை வீட்டுப் பேச்சாக மட்டும் இருந்த மொழி, அந்நிய நகரத்தில் அடையாளமாகிவிடுகிறது. தான் பராகுவேயன் என்பதை ஒருவர் பிரிவில்தான் உணர்கிறார். 'தன்னை அறிதல்' என்ற சொல் இந்தப் பாட்டுகளுக்குப் பொருந்துவது இந்த அர்த்தத்தில்தான். தத்துவ விசாரமாக அதைத் தேடினால் கிடைக்காது.

ஒரே வரியில் இரண்டும்: ஜோபாரா

இரண்டையும் கலந்து பேசுவதற்கு 'ஜோபாரா' என்று பெயர். பராகுவேயர் வீட்டில் பல தானியமும் காயும் கலந்து வைக்கும் ஒரு குழம்புக்கும் அதே பெயர். படித்தவர்கள் நெடுங்காலம் இதை முகஞ்சுளித்துத்தான் பார்த்தார்கள். ஆனால் மக்கள் மனப்பாடமாகச் சொல்லும் பாட்டுகள் பல இதில்தான் இருக்கின்றன.

இதன் பெரிய கை எமிலியானோ ஆர். ஃபெர்னாண்டெஸ் (1894-1949). சாக்கோ போரில் சண்டையிட்ட சிப்பாய். 'ஷே லா ரெய்னா' என்ற அவருடைய பாட்டின் தலைப்பே ஒரு பாடம். 'ஷே' குவாரானி, 'எனது'. 'ரெய்னா' ஸ்பானிஷ், 'ராணி'. நடுவில் நிற்கும் 'லா', ஆங்கிலத்தின் 'the' போன்ற ஸ்பானிஷ் சார்படை. ஆனால் ஸ்பானிஷ் இலக்கணப்படி 'எனது'வுக்குப் பக்கத்தில் அந்தச் சார்படை வரவே கூடாது. குவாரானிக்குச் சொந்தமாகச் சார்படை கிடையாது என்பதால் இரவல் வாங்கித் தன் இஷ்டப்படி வைத்துக்கொண்டது. ராணி என்ற பட்டம் ஸ்பானிஷிடமிருந்து வருகிறது, அவள் என்னுடையவள் என்பது குவாரானியில் இருக்கிறது.

கலப்பு தாறுமாறாக நடப்பதில்லை. எண், தேதி, படைப்பிரிவு, பதவி, மாதப்பெயர் என்றால் பெரும்பாலும் ஸ்பானிஷ்தான். அன்றாடப் பேச்சில் குவாரானி எண்கள் நான்கோடு நின்றுவிடுவதும் அதற்கு ஒரு காரணம். ஏக்கம், கோபம், உடம்பு, சத்தியம் எல்லாம் குவாரானி. ஆக, ஒரு பாட்டில் அவள் விட்டுப்போன தேதி ஸ்பானிஷில் இருக்கும், போனதால் ஆன கதி குவாரானியில் இருக்கும்.

நாட்டுப்புறத்தில் இதன் இன்னொரு முனை 'புராஹேய் ஜாஹேஓ', நேரடியாகச் சொன்னால் அழுகைப் பாட்டு. இரண்டு குரல்கள் ஒட்டியே நகரும், கிதார் துணை. நகரத்தார் கேலி செய்யும் வகை இது. குவாரானியாவை மேடையேற்றிய அதே ரசனை இதை மதுக்கடை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

'இனிய மொழி' என்ற பட்டம்

குவாரானி இதயத்தின் மொழி, இனிய மொழி என்று பராகுவேயில் எல்லோரும் சொல்வார்கள். பாராட்டுதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. காதலும் கண்ணீரும் குவாரானிக்கு என்றால், நீதிமன்றமும் வங்கியும் மருத்துவச் சீட்டும் யாருக்கு? 1992இல் ஆட்சிமொழி ஆனபிறகும், 2010இல் மொழிச் சட்டமும் அதன்வழி ஒரு குவாரானி மொழிக்கழகமும் வந்த பிறகும், எழுத்துப்பூர்வமான அலுவல்களில் ஸ்பானிஷின் கையே ஓங்கி நிற்கிறது. பாட்டில் ராணியாக இருக்கும் மொழி, அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறது. பாட்டுகளை ரசிப்பதற்கு இது தடையில்லை, ஆனால் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததால் மொழி பிழைத்துவிட்டது என்று நினைக்கவும் இடமில்லை. பட்டியலில் சேர்ந்தது இசைவகை.

எல்லை தாண்டியபின்

இசை மொழியைக் கழற்றிவிட்டும் பயணம் போகும் என்பதற்கு பிரேசில் சாட்சி. 'இந்தியா' பாட்டைக் காஸ்காச்சிஞா, இஞானா இருவரும் 1952இல் போர்ச்சுகீசியத்தில் பாடிப் பெருவெற்றி கண்டார்கள். 1973இல் பிரேசில் பாடகி கால் கோஸ்தா தன் இசைத்தட்டுக்கே அந்தப் பெயரை வைத்தார். பிரேசிலின் 'செர்தானேஜோ' எனும் நாட்டுப்புறக் காதல் தோல்விப் பாட்டுகளில் குவாரானியா தாளம் ஊறிப்போயிற்று. கேட்பவர்களில் பலருக்கு அது பராகுவேயிலிருந்து வந்தது என்றே தெரியாது.

வடகிழக்கு அர்ஜென்டினாவில் வேறு மாதிரி நடந்தது. கொரியென்டெஸ் மாநிலத்தின் 'சமாமே' இசையில், 2020இல் இதுவும் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போனது, வரிகள் பெரும்பாலும் ஸ்பானிஷில் இருக்கும். ஆனால் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது ஒருவர் நீண்ட கூக்குரல் ஒன்றை எழுப்புவார். 'சாபுகாய்' என்ற அதன் பெயர் மட்டும் குவாரானி.

பிரேசிலின் மாத்தோ க்ரோஸ்ஸோ தோ சூல் மாநிலத்தில் 2009இலிருந்து 'ப்ரோ எம்சீஸ்' என்ற கையோவா இளைஞர் குழு குவாரானியும் போர்ச்சுகீசியமும் கலந்து ராப் பாடுகிறது. அவர்களுடைய பாட்டுகளில் இழப்பு என்றால் காதலி அல்ல, நிலம்.